பசியா, வாய் நமநமப்பா?

மாலை ஐந்தரைக்கு மேல் பம்மல் மெயின் ரோட்டில் எண்ணெய்ச் சட்டிகள் காயத் தொடங்கும். பல்லாவரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து ஊர் வந்து சேர்கிறவர் நேராக வீட்டுக்குப் போவதில்லை. டீக்கடையில் ஒரு டீ, பக்கத்துத் தள்ளுவண்டியில் வாழைக்காய் பஜ்ஜி இரண்டு. தின்று முடித்து, விரல் எண்ணெயைத் துடைத்தபடி, “வயிறு கும்முன்னு இருக்கு, ராத்திரி சாப்பாடு வேணாம்” என்று வீட்டுக்கு ஃபோனில் சொல்லிவிடுவார். ஒன்பதரைக்குத் தோசைக்கல்லின் வாசனை வந்ததும் அதையும் ஒரு கை பார்ப்பார். பஜ்ஜி தின்றபோதும் அவருக்குப் பசி இல்லை. தோசை தின்றபோதும் இல்லை.

இதைத் தமிழ் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. வயிறு கேட்பதற்குப் ‘பசி’ என்றும், நாக்கு கேட்பதற்கு ‘வாய் நமநமங்குது’ என்றும் தனித்தனியாகப் பெயர் வைத்த மொழி இது. ‘வயித்துக்குச் சாப்பிடுறியா, வாய்க்குச் சாப்பிடுறியா’ என்று பாட்டிகள் கேட்ட கேள்வியைத்தான் இப்போது ஊட்டச்சத்து நிபுணர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கேட்கிறார்கள். 1995இல் எவலின் டிரிபோல், எலிஸ் ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க உணவியலாளர்கள் எழுதிய புத்தகத்திலிருந்து இதற்கு ஓர் இயக்கமே கிளம்பியது. டயட் அட்டவணையைத் தூக்கிப் போடு. பசித்தால் சாப்பிடு, நிறைந்தால் நிறுத்து என்பது அதன் சாரம். ‘பசித்துப் புசி’ என்ற இரண்டு சொல்லில் நம் ஊரில் முடிந்துவிட்ட விஷயம்தான். ஆனால் சொல்வது சுலபம். பசி என்றால் என்ன என்பதே பலருக்கு மறந்துபோய்விட்டது.

பசியை முதலில் அளந்து பார்த்தவர்கள் கொஞ்சம் விசித்திரமாகத்தான் அளந்தார்கள். 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கேனனின் மாணவர் வாஷ்பர்ன், குழாய் கட்டிய ஒரு பலூனை விழுங்கினார். வயிற்றுக்குள் அதை ஊதிவிட்டு, இரைப்பை சுருங்கும்போதெல்லாம் கோடு விழும்படி கருவியோடு இணைத்தார்கள். பசிக்கிறது என்று அவர் சொன்ன நேரமும் இரைப்பை சுருங்கிய நேரமும் ஒத்துப்போயின. வயிறு ‘கடமுடா’ என்பது வெறும் பேச்சல்ல என்று தெரிந்தது. ஆனால் அது பாதிக் கதைதான். 1994இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசுக்களில் சுரந்து, ‘கையிருப்பு போதுமான அளவு இருக்கிறது’ என்று மூளைக்குத் தகவல் சொல்லும் ஹார்மோன் அது. 1999இல் ஜப்பானில் கொஜிமா, கங்காவா ஆகியோர் அதற்கு எதிர்க்கட்சியைக் கண்டுபிடித்தார்கள்: இரைப்பையில் சுரந்து பசியைக் கிளப்பும் கிரெலின். சாப்பாட்டுக்கு முன் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும்.

கிரெலினுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும் என்பதுதான் இதில் சுவாரசியம். தினமும் எந்த நேரத்தில் சாப்பிட்டுப் பழகுகிறோமோ, அந்த நேரத்தை ஒட்டி அது ஏறத் தொடங்குகிறது. ஆகவே ஆறு மாதம் தொடர்ந்து ஐந்தரை மணிக்குப் பஜ்ஜி தின்றவருக்கு, ஏழாவது மாதம் ஐந்தரைக்கு நிஜமாகவே பசிக்கும். அவர் பொய் சொல்லவில்லை. உடம்பைப் பழக்கியது அவர்; அந்தப் பழக்கத்தை இப்போது உடம்பு அவரிடமே திருப்பிக் கேட்கிறது.

நிறைவு விஷயம் வேறு. சாப்பாடு உள்ளே போனதும் இரைப்பை விரிகிறது, சிறுகுடல் ஹார்மோன்களை அனுப்புகிறது, மூளை ‘போதும்’ என்கிறது. இது நடந்து முடியக் கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகலாம். ஆபீஸ் கேன்டீனில் ஏழு நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறவருக்குப் ‘போதும்’ என்ற செய்தி வரும்போது அவர் கை கழுவிவிட்டு லிஃப்டில் ஏறிக்கொண்டிருப்பார். பிறகு, ‘வயிறு மந்தமா இருக்கு’ என்று ஒரு சோடா.

பம்மல் என்றதும் நாடகக்காரர்களுக்குச் சம்பந்த முதலியார் நினைவுக்கு வருவார். ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு கடைசிவரை சுமந்த அவர் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். மேடை நாடகத்தில் பக்கத் தட்டிக்குப் பின்னால் ஒருவர் பிரதியோடு நின்று, நடிகர் தடுமாறும் இடத்தில் வசனத்தை எடுத்துக் கொடுப்பார். சபையோருக்குக் கேட்கக் கூடாது, நடிகருக்கு மட்டும் கேட்க வேண்டும். அவ்வளவு மெல்லிய குரல். வயிற்றின் குரலும் ஏறக்குறைய அந்த அளவுதான். கூட்டத்தின் சத்தம் கூடினால் முதலில் காணாமல் போவது அந்தக் குரல்.

பம்மலிலிருந்து குரோம்பேட்டையைத் தாண்டினால் தாம்பரம் சானடோரியம். பசி விஷயத்தோடு அந்த ஊருக்கு இரட்டைத் தொடர்பு உண்டு.

முதலாவது, தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2005 செப்டம்பர் 3 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர். சித்த மருத்துவத்தில் ‘வேகங்கள்’ என்று ஒரு கணக்கு உண்டு. அடக்கக் கூடாத இயல்பான உந்துதல்கள் பதினான்கு: தும்மல், இருமல், கொட்டாவி, சிறுநீர், மலம், கீழ்க்காற்று, தூக்கம், கண்ணீர் என்று போகிறது பட்டியல். பசியும் தாகமும் அதில் இருக்கின்றன. இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. பதினான்கில் பாதியையாவது அடக்காமல் ஒரு நகரவாசியால் ஒரு வேலை நாளைக் கடக்க முடியாது. கண்ணீரை அடக்குவது நோய்க்கு வழி என்று எழுதி வைத்தவர்கள், அழுகிற ஆண்பிள்ளையைப் பார்த்து இந்த ஊர் சொல்லும் வார்த்தைகளைக் கேட்டிருக்க மாட்டார்கள். பட்டியல் சொல்லும் ஒவ்வொரு நோய்க் காரணத்தையும் நவீன மருத்துவம் ஏற்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் உடம்பு கேட்பதைத் தள்ளிப்போடாதே என்பதை ஒரு மருத்துவ விதியாகவே எழுதி வைத்திருப்பது கவனிக்க வேண்டியது. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர். அதில் ஒரு மூலிகைப் பெயர்கூடக் கிடையாது. பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றித்தான்: முன்பு தின்றது செரித்துவிட்டதா என்று பார், நன்றாகப் பசிக்கட்டும், அளவோடு நிறுத்து.

இரண்டாவது தொடர்பு இதற்கு நேர் எதிர். அந்த ஊருக்கே பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை 1928இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் சிகிச்சை. காசநோயின் அறிகுறிகளில் இருமலைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். ஆனால் பசியின்மையும், காரணமில்லாமல் எடை குறைவதும், சாயங்காலக் காய்ச்சலும் அதே வரிசையில் நிற்பவை. ‘பசியே எடுக்கல’ என்று ஒருவர் இரண்டு மூன்று வாரமாகச் சொன்னால், அவர் வாய்க்கு ருசியாக ஏதாவது செய்து கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். பசிக்கும் காசநோய்க்கும் இருக்கும் உறவை ஜார்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் தெளிவாகக் காட்டியது. நோயாளிகளின் வீட்டாருக்குக் கூடுதல் ஊட்டச்சத்து கொடுத்தபோது, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிய நோயாளி வந்ததும் அவர் எடையையும் மெலிவையும் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள்.

அப்படியானால் உடம்பு சொல்வதைக் கேட்டால் போதுமா? கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் இதைக் குழந்தைகளிடமே சோதித்துப் பார்த்தார். தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளின் முன்னால் தினமும் பலவகை உணவுகளை வைத்தார்கள். யாரும் ஊட்டவில்லை, வற்புறுத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. குழந்தை எதைக் காட்டுகிறதோ அதைத் தருவது மட்டும் செவிலியரின் வேலை. ஒரு குழந்தை ஒரு வேளை முட்டைகளாகத் தின்னும், இன்னொரு வேளை வாழைப்பழங்களாகத் தின்னும். கடைசியில் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்திருந்தன. எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தை, பக்கத்தில் வைத்த மீன் எண்ணெயைத் தானாகவே குடித்து, நோய் தீர்ந்தபின் தானாகவே நிறுத்தியது. 1939இல் இதை எழுதியபோது டேவிஸ் ஒரு சூட்சுமத்தையும் சேர்த்தே சொன்னார். அந்தத் தட்டுகளில் சர்க்கரையோ, பதப்படுத்திய பண்டமோ எதுவும் கிடையாது. பழம், காய், தானியம், பால், முட்டை, இறைச்சி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் தப்பாகப் போக வழியில்லாத தட்டு.

பம்மலில் ஒரு மளிகைக் கடைக்கு முன்னால் நின்று பாருங்கள். கம்பியில் சரம் சரமாக ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகள். இந்தத் தட்டில் வழி தப்பாமல் இருப்பது எந்தக் குழந்தைக்கும் கஷ்டம். பெரியவர்களுக்கும்தான். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவு, இரண்டு வாரம் சமைத்த இயல்பான உணவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவில் பரிமாறப்பட்டன; வேண்டிய மட்டும் தின்னலாம். பாக்கெட் உணவில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள். இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. கையில் எதைக் கொடுத்தோம் என்பதைப் பொறுத்து வயிற்றின் ‘போதும்’ தாமதமாகிறது. ஆகவே ‘மனக்கட்டுப்பாடு இல்லை’ என்று தொப்பை வைத்தவரைத் திட்டுவது அநியாயம்.

பட்டினி கிடந்து கட்டுப்படுத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1944இன் கடைசியில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒரு சோதனையில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்தார். எடை கால் பங்கு இறங்கியது. அதைவிடப் பெரிய மாற்றம் மனதில். சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை. சோதனை முடிந்து வயிறு நிறையத் தின்ற பிறகும் பலருக்குப் பல வாரம் பசி அடங்கவில்லை. ஜனவரி முதல் தேதி ஆரம்பித்துப் பொங்கலோடு முடிந்துபோகும் டயட்டுகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

சத்தத்தைக் கூட்டுவதில் நம் வீடுகளும் சளைத்தவை அல்ல. ‘தட்டுல மிச்சம் வைக்காதே’, ‘எனக்காக இன்னும் ஒரு கரண்டி’, ‘இவ்ளோதானா? பறவை மாதிரி கொறிக்கிறியே.’ அன்பு இங்கே கரண்டியால்தான் அளக்கப்படுகிறது. விருந்தாளி போதும் என்று கையை இலைக்குக் குறுக்கே நீட்டினால், விரல் இடுக்கு வழியாகச் சாம்பாரை ஊற்றும் அத்தைகள் எல்லா ஊரிலும் உண்டு. குழந்தைகள் பாடு இன்னும் மோசம். முன்பு நிலாவையும் பூச்சாண்டியையும் காட்டி ஊட்டினார்கள். குழந்தை அதைப் பார்த்தாலும் அவ்வப்போது வாயை மூடி மறுக்கும். இப்போது ஃபோனில் கார்ட்டூன் ஓடுகிறது. பார்வை அங்கே ஒட்டிக்கொள்ள, வாய் தானாகத் திறக்கிறது. ஐந்து வயதுக்குள்ளேயே ‘போதும்’ என்று சொல்லத் தெரியாமல் போகிற பிள்ளை, முப்பது வயதில் அதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

தூக்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் விடியற்காலை நான்கு மணிக்கும் ஐ.டி. கம்பெனி வண்டிகள் ஓடுகின்றன. 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரமே தூங்கவிட்டுப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது, நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு விடிகாலையில் பரோட்டா ஞாபகம் ஏன் வருகிறது என்பதற்கு இது ஒரு பதில். அவர் உடம்பு கேட்பது பரோட்டாவை அல்ல, படுக்கையை.

இனி எச்சரிக்கையான பகுதி. உடம்பின் பேச்சைக் கேள் என்பது எல்லோருக்கும் எல்லா நேரமும் பொருந்தாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இந்த நோய் ஆரம்பத்தில் எந்தக் குரலும் கொடுக்காது. அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி எல்லாம் சர்க்கரை வெகுவாக ஏறிய பிறகு வருபவை. ‘எனக்கு ஒண்ணும் பண்ணல’ என்பது இங்கே ஆதாரமே அல்ல. முப்பதைத் தாண்டியவருக்கு ரத்தப் பரிசோதனைதான் ஆதாரம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பது இதனால்தான். ரத்த அழுத்தமும் அதே மாதிரி ஊமை.

இன்சுலினோ, சிலவகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் ‘பசிக்கட்டும், அப்புறம் சாப்பிடலாம்’ என்று இருக்கவே கூடாது. மருந்து வேலையைத் தொடங்கிவிட்டிருக்கும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல் வந்தால் ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பல வருடம் சர்க்கரை நோய் இருந்தவர்களில் சிலருக்கு இந்த எச்சரிக்கைகூட மழுங்கிப்போகும்; அறிகுறி இல்லாமலே மயங்கி விழுவார்கள்.

‘கேஸ்’ என்ற சொல்லும் இந்த ஊரில் பலரைக் காவு வாங்கியிருக்கிறது. நெஞ்சில் கனம், இடது கை வலி, தாடை வலி, வியர்த்துக் கொட்டுதல் எல்லாவற்றுக்கும் ‘வாயுப் பிடிப்பு’ என்று பெயர் வைத்து, இஞ்சியோ சோடாவோ குடித்துப் படுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் மூச்சிரைப்பாகவோ குமட்டலாகவோ அசதியாகவோ வருவதுண்டு. ஏப்பம் விட்டும் சரியாகாத நெஞ்சுக் கனத்துக்கு 108தான் மருந்து.

கேட்கும் காது இருந்தும் கேட்க வழியில்லாதவர்கள் இன்னொரு பக்கம். ஜவுளிக்கடையில் காலை பத்து மணியிலிருந்து நிற்கும் பெண்ணுக்குப் பசியும் தெரியும், தாகமும் தெரியும். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருப்பதால் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்ப் பாதைத் தொற்று வந்தபின் ‘ஏம்மா தண்ணி குடிக்கிறதில்ல?’ என்று டாக்டர் கேட்பார். நாள் முழுக்க நிற்கும் கடை ஊழியர்களுக்கு நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 2021இல்தான். கேரளம் மூன்று வருடம் முந்திக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிப்பதையும் 2019இல் கேரளம்தான் தொடங்கியது. தொழிற்சாலைச் சட்டம் 1948லேயே ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணியாவது இடைவேளை விட வேண்டும் என்று எழுதியது. உடம்பைக் கவனி என்ற புத்திமதியை அந்தப் பெண்ணுக்குச் சொல்வதற்கு முன் அவர் முதலாளிக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண்கள் பற்றியும் இதையே சொல்லலாம். எல்லோருக்கும் பரிமாறி, மிச்சத்தைப் பார்த்து, அடிக்குழம்பை வழித்துச் சாப்பிடுகிறவர் தன் பசியைக் கேட்பதில்லை; மிச்சம் எவ்வளவு என்பதைத்தான் கேட்கிறார். வீணாகக் கூடாதே என்று அதிகமாகவும் தின்பார், போதவில்லையே என்று அரைவயிற்றோடும் எழுவார்.

மற்றவர்களுக்குச் செய்து பார்க்கச் சின்ன விஷயங்கள் சில இருக்கின்றன. பஜ்ஜிக் கடையில் நிற்கும்போது, இப்போது இட்லி கிடைத்தால் சாப்பிடுவேனா என்று ஒரு கேள்வி. ஆமாம் என்றால் பசி. பஜ்ஜி மட்டும்தான் வேண்டும் என்றால் வாய். வாய்க்கும் தின்னலாம், தப்பில்லை, ஒன்றோடு நிறுத்தினால் போதும். தட்டுக்கு முன் உட்கார்ந்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைக்கலாம். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வதற்கு முன் மோர் ஊற்றிக்கொண்டு ஐந்து நிமிடம் பேசலாம். பழைய தலைமுறை சொன்ன அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர், கால் வயிறு காலி என்ற கணக்குக்கும், ஜப்பானின் ஒகினாவாத் தீவில் எண்பது சதவீதத்தில் எழுந்துவிடும் வழக்கத்துக்கும் அதிக வித்தியாசமில்லை.

இன்று இரவு வீட்டில் யாரையாவது ‘சாப்பிட வா’ என்று கூப்பிடுவதற்குப் பதில், ‘பசிக்குதா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இல்லை’ என்று பதில் வந்தால் வற்புறுத்தாமல் தட்டை மூடி வைத்துவிடலாம். அவர் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டவராக இருந்தால் மட்டும், பதில் எதுவானாலும் நேரத்துக்குச் சாப்பிட வைத்துவிடுங்கள்.